கொக்குக்குப் பேர் போடுகிறவர்

நுவரெலியா விக்டோரியா பூங்காவுக்குள் ஓர் ஓடை ஓடுகிறது. நகரத்து அழுக்கில் ஒரு பங்கு அதில் மிதந்து வரும். ஜனவரி மாதக் காலையில், மூக்கைப் பிடித்துக்கொள்ள வேண்டிய அந்தக் கரையில், தொலைநோக்கியைப் பிடித்துக்கொண்டு ஐரோப்பியர்கள் நிற்பார்கள். அவர்கள் காத்திருப்பது காஷ்மீர் ஈப்பிடிப்பானுக்காக. காஷ்மீரிலும் அதையொட்டிய இமயமலைக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தைக் கழிக்க நீலகிரிப் பக்கமும் இலங்கை மலைநாட்டுக்கும் வருகிற, உள்ளங்கைக்குள் அடங்கும் குருவி அது. அதைக் கண்டுவிட்டால் புத்தகத்தில் ஒரு சரி போட்டுக்கொண்டு, ஹோட்டன் சமவெளிக்கு வேன் ஏறிவிடுவார்கள். போகிற வழியில் கிரகரி வாவிக் கரையில் நிற்கிற கொக்கை ஒருவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

கொக்கும் அவர்களை ஏறிட்டுப் பார்ப்பதில்லை என்பது வேறு விஷயம்.

இப்படி நாதியற்று நிற்கிற கொக்குக்கு ஹட்டன் பக்கத்தில் ஒருவர் இருக்கிறார். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். நோர்வூட் கடைத்தெருவில் ‘மாஸ்டர்’ என்று கூப்பிட்டால் இரண்டு மூன்று பேர் திரும்புவார்கள். கழுத்தில் கமரா தொங்குகிறவர் நம்முடையவர். அவருக்கு ஒரு கொள்கை உண்டு. அபூர்வமான பறவையைப் படம் எடுக்க மாட்டார். “அதுக்கெல்லாம் வெள்ளைக்காரன் இருக்கான். இவனுக்கு யாரு இருக்கா?” என்று காசல்ரீ நீர்த்தேக்கக் கரையில் குந்தியிருக்கும் மடையான் கொக்கைக் காட்டிக் கேட்பார். அபூர்வப் பறவை எதுவும் இதுவரை அவரிடம் படம் எடுக்கச் சொல்லிக் கேட்டதில்லை என்று அவர் மனைவி சொல்வதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம்.

பார்த்த பறவைகளைக் குறித்து வைக்க எல்லோரும் கைபேசியில் செயலி வைத்திருக்கிற காலத்தில், மாஸ்டர் வைத்திருப்பது தோட்டத்து ஆபீசில் கழித்துப் போட்ட ஒரு பழைய செக்ரோல், அதாவது வேலைநாள் பதிகிற பேரேடு. ஆள்களின் பெயர் வரவேண்டிய இடத்தில் பறவைகளின் பெயர். மேலே தேதிகள். ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர் என்ற தோட்டத்து முறையிலேயே பேர் விழும். நாள் முழுக்கக் கரையில் நின்றால் முழுப்பேர், பாதியில் போனால் அரைப்பேர். கொழுந்து எடுக்கிறவர்களுக்குக் கிலோ குறைந்தாலும் அரைப்பேர் விழும் என்பது மலைநாட்டில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொக்குக்கு அந்த நிபந்தனை இல்லை. ஒரு மீனும் பிடிக்காமல் காலையிலிருந்து மாலைவரை ஒற்றைக்காலில் நின்றாலும் மாஸ்டர் முழுப்பேர் போட்டுவிடுவார். இது தெரிந்தால் தொழிற்சங்கங்கள் என்ன சொல்லுமோ.

வெண்தொண்டை மீன்கொத்திக்கு அந்தச் செக்ரோலில் நெடுக வெற்றுக் கட்டம்தான். அது தண்ணீர்ப் பக்கமே வருவதில்லை. தேயிலை மலையின் நடுவில் கரண்ட் கம்பியில் உட்கார்ந்துகொண்டு வெட்டுக்கிளியையும் ஓணானையும் பிடித்துத் தின்கிறது. உண்மையில் அந்த இனத்தின் வழக்கமே அதுதான். மீன் கிடைத்தால் பிடிக்கும், கிடைக்காவிட்டால் வருத்தப்படாது. ஆனால் மாஸ்டர் சட்டம் பேசுகிறவர். நியமித்த வேலை ஒன்று, செய்கிற வேலை ஒன்று என்றால் பேர் இல்லை.

கமரா வந்தது டோஹாவிலிருந்து. மகளும் மருமகனும் அனுப்பியது. ஓய்வு பெற்ற மனுஷன் வீட்டிலேயே உட்கார்ந்து மனைவியோடு வாதாடாமல் இருக்கட்டும் என்பது அவர்கள் எண்ணம். கூடவே ஒரு நீள லென்ஸ். முழங்கையிலிருந்து விரல் நுனிவரை வரும்.

மகளும் மருமகனும் கமரா வாங்கிக் கொடுத்து அதனால் பெயர் பெற்ற ஒருவர் இதே பள்ளத்தாக்கில் இருந்திருக்கிறார் என்று மாஸ்டருக்குத் தெரியவந்தது பிறகுதான். அதிலிருந்து அவர் நடையே மாறிவிட்டது. ஜூலியா மார்கரெட் கமரன், 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலப் பெண்மணி. 1863இல், நாற்பத்தெட்டு வயதில், மகளும் மருமகனும் கொடுத்த கமராவை வைத்துக்கொண்டு படம் எடுக்கத் தொடங்கியவர். டென்னிசன், டார்வின் எல்லாரும் அவர் முன்னால் உட்கார்ந்தவர்கள். அவர் கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் வேறு யாருமல்ல, மாஸ்டர் கரும்பலகையில் ‘கோல்புறூக் – கமரன் சீர்திருத்தம், 1833’ என்று எழுதிப் போட்டுப் பிள்ளைகளைப் பாடமாக்க வைத்த அதே கமரன்தான். அந்தக் குடும்பத்துக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன. 1875இல் கணவனும் மனைவியும் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி இலங்கைக்கு வந்துவிட்டார்கள். வரும்போது ஒரு பசுமாட்டையும், இங்கே நல்ல பெட்டி கிடைக்குமோ கிடைக்காதோ என்று இரண்டு சவப்பெட்டிகளையும் கொண்டுவந்தார்களாம். எதற்கும் தயாராக வந்தவர்கள். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கெயார்ன் தோட்டத்தில் அந்த அம்மையார் இறந்துபோனார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. பார்க்கப் போகிறவர்கள் இன்றும் உண்டு.

அந்தக் காலத்துக் கமராவில் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காய்வதற்குள் படம் எடுத்து, ஈரம் காய்வதற்குள்ளேயே கழுவியும் முடிக்க வேண்டும். ஒரு படத்துக்கு மூன்று நிமிஷம், ஐந்து நிமிஷம், ஏழு நிமிஷம்கூட அசையாமல் இருக்க வேண்டும். ஆள் கொஞ்சம் அசைந்தால் முகம் புகை மாதிரிப் பரவிவிடும். கமரன் அம்மையார் அதையே தன் பாணியாக்கிக்கொண்டார். இங்கிலாந்தில் வீட்டுக் கோழிக்கூட்டைக் காலி பண்ணித்தான் அவர் தன் கண்ணாடி அறையைக் கட்டினார். வெளியேற்றப்பட்ட கோழிகளை யாரும் கறி வைத்திருக்க மாட்டார்கள் என்று நம்புவதாக எழுதியும் வைத்தார். இலங்கையில் தோட்டத்து ஆள்களையும் ஊர்மக்களையும் நிறுத்திப் படம் எடுத்தார். அவற்றில் மிஞ்சியவை கொஞ்சம்தான். பறவை எடுத்ததாகத் தெரியவில்லை. எடுத்திருக்கலாம் என்பது மாஸ்டரின் ஆதங்கம். ஏழு நிமிஷம் அசையாமல் இருக்கிற ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் அன்றும் இன்றும் ஒருவர்தான் என்பார். சொல்லிவிட்டு மடையானைக் காட்டுவார்.

மடையானை நின்று பார்த்தால் அவர் சொல்வது சரிதான் என்று தோன்றும். கரைச்சேற்றின் நிறத்தில், கழுத்தைத் தோளுக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, முதுகு கூன, மஞ்சள் கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். கல்லா பறவையா என்று தெரியாது. அலகுக்குக் கீழே தண்ணீரில் ஏதோ அசையும். கழுத்து மெல்ல, மிக மெல்ல, ஓர் அங்குலம் நீளும். பிறகு மறுபடி நிற்கும். கமராவைக் கண்ணில் வைத்திருக்கிறவருக்குக் கை வலிக்கும். தோள் வலிக்கும். அட்டை காலில் ஏறுவது தெரியும். அதைத் தட்டிவிடக் குனிகிற கணத்தில் தண்ணீரில் ‘சளக்’ என்று ஒரு சத்தம். நிமிர்ந்தால் கொக்கின் தொண்டை வழியாக ஏதோ கீழே இறங்கிக்கொண்டிருக்கும்.

அதே பறவை எழுந்து பறந்தால் வேறு ஆளாகிவிடும். சிறகு விரிந்ததும் முழுக்க வெள்ளை. அதுவரை சேற்றோடு சேறாகக் கிடந்தது இத்தனை வெள்ளையை எங்கே மறைத்து வைத்திருந்தது என்று முதல் தடவை பார்க்கிறவர்கள் அசந்துபோவார்கள். அந்தப் படத்துக்கு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேகம் வேண்டும், கமராவைத் தயாராக வைத்திருக்க வேண்டும், கொக்கு எந்தப் பக்கம் கிளம்பும் என்றும் தெரிய வேண்டும். முதல் இரண்டும் காசு கொடுத்தால் கிடைக்கும்.

தொடர்ச்சியாகச் சுடுகிற வசதி இந்தக் கமராவில் இருக்கிறது. விரலை எடுக்கும்வரை ‘கிர்ர்ர்’ என்று படம் விழுந்துகொண்டே இருக்கும். விளைவு, வீட்டுக் கணினியில் ஒரே கொக்கு, ஒரே நிலையில், நூற்றுக்கணக்கில். மனைவி ஒருநாள் பின்னால் நின்று பார்த்துவிட்டு, “என்னாங்க, எல்லாம் ஒரே கொக்குதானே?” என்றார். “இல்ல, இதுல கண்ணு மூடியிருக்கு பாரு” என்றார் மாஸ்டர். அந்த அம்மா பார்த்தார். “ஒங்க பென்ஷன் சங்கத்துக் கூட்டத்துப் படத்துலயும் எல்லாருக்கும் கண்ணு மூடித்தான் இருந்திச்சு. அத யாரும் வச்சிப் பாக்கல.”

வெள்ளைக் கொக்கையும் நீர்க்காகத்தையும் படம் எடுக்கிறவர்கள் படுகிற பாடு தனி. கமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்குப் போடுகிற பிராணி. கரும்பச்சைத் தண்ணீரின் நடுவில் சின்ன வெள்ளைக் கொக்கு நின்றால், இருட்டு அதிகம் என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். கொக்கின் உடம்பில் ஒரு சிறகுகூடத் தெரியாது, சுண்ணாம்புக் கட்டிக்கு மூக்கும் காலும் வைத்த கணக்காக வரும். பளபளக்கிற தண்ணீரில் கறுத்த நீர்க்காகம் நின்றால், வெளிச்சம் அதிகம் என்று குறைத்துவிடும். பறவை வெறும் நிழலாகும். ஆகவே வெள்ளைக்கு ஒளியைக் குறைக்க வேண்டும், கறுப்புக்குக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே மரக்கட்டையில் வந்து உட்கார்ந்தால் யாரோ ஒருவருக்கு அநியாயம் நடந்தே தீரும். மலைநாட்டுப் பனிமூட்டம் வந்துவிட்டால் எல்லோருக்கும் சமநீதி, ஒன்றுமே தெரியாது. லென்ஸ் எதைப் பிடிப்பது என்று தெரியாமல் முன்னும் பின்னும் ஓடிக் களைத்துப்போகும். குளிரில் கிடந்த கமராவை அடுப்படிச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் கண்ணாடி முழுக்க ஆவி படியும். பையைத் திறக்காமல் கொஞ்ச நேரம் மூலையில் வைத்துவிட வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்கும். அதற்காக மாஸ்டர் சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற ஈரமுறிஞ்சிப் பொட்டலங்களைச் சொந்தக்காரர் வீடெல்லாம் கேட்டு வாங்கி, பிஸ்கட் டின்னில் போட்டு, அதற்குள் லென்ஸைத் தூங்கவைக்கிறார்.

கமராவின் பாரத்தைப் பற்றி அவர் முறையிடும்போது ம. கிருஷ்ணனை நினைவூட்டுவது நல்லது. அ. மாதவையாவின் மகன், தமிழிலும் ஆங்கிலத்திலும் காட்டுயிர்களைப் பற்றி எழுதியவர், கறுப்பு வெள்ளையிலேயே படம் எடுத்தவர். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடைத்த உறுப்புகளைச் சேர்த்து அவரே பொருத்திக்கொண்ட கமராவின் கனத்துக்கு ஏற்ப அதற்கு ‘சூப்பர் பொண்டரோசா’ என்று பெயர் வைத்திருந்தார். அதைத் தூக்கிக்கொண்டு யானைக்குப் பக்கத்தில் போனவர். இங்கே கொக்குக்கு நாற்பது யார் தூரத்தில் நின்றுகொண்டு முதுகு வலி என்றால் எப்படி?

மாஸ்டரின் வேதப்புத்தகம் ஜி. எம். ஹென்றி எழுதிய இலங்கைப் பறவைகள் பற்றிய கையேடு. 1955இல் வந்தது. ஹென்றி வெளியூர்க்காரர் அல்ல, 1891இல் கந்தப்பளையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். தகப்பனார் துரையாக இருந்தார். கொழும்பு நூதனசாலையில் பூச்சிகளைப் பார்க்கிற உத்தியோகத்தில் இருந்துகொண்டு, பறவைகளை வரைந்து வரைந்தே பெயர் எடுத்தார். தூரிகையால் வரைகிறவருக்கு ஒரு வசதி, கொக்கு கண்ணை மூடிக்கொண்டால் இவரே திறந்துவிடலாம்.

அணைப்பக்கத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீளமான லென்ஸோடு ஒருவர் அணைக்கட்டை நோக்கிக் குறிபார்த்தால் எந்தக் காவலாளியும் வருவார். வந்தார்.

“சேர், இங்க படம் எடுக்கக் கூடாதுங்க.”

“அணையை எடுக்கலப்பா. மேல நிக்கிறவனைத்தான் எடுக்கிறேன்.”

காவலாளி பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். மேலே ஆள் யாரும் இல்லை. கம்பிமேல் ஒரு நீர்க்காகம், லயத்துக் கொடியில் காயப்போட்ட பழைய கறுப்புக் கோட்டைப் போல இரண்டு சிறகையும் விரித்துக்கொண்டு நின்றது. அவருக்கு மூச்சு வந்தது.

“அவனா? அவன் டெய்லி வர்றவன்தான் சேர்.”

அதற்குப் பிறகு காவலாளி சொன்னதையெல்லாம் மாஸ்டர் அன்றிரவே செக்ரோலின் பின்பக்கத்தில் எழுதி வைத்தார். விடிந்ததும் வருவான். நேரே தண்ணீருக்குள் போவான். இங்கே மூழ்கி அங்கே எழுவான். உடம்பு தண்ணீருக்குள், கழுத்து மட்டும் வெளியே, பாம்பு நீந்துகிறதென்று புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் கத்தியிருக்கிறான். வெயில் மலையைத் தாண்டி வந்ததும் கம்பிக்கு வருவான். சிறகை விரிப்பான். மேகம் மூடினால் மடக்குவான். மறுபடி வெயில் வந்தால் மறுபடி விரிப்பான். பறவை நூல்கள் சொல்வதும் இதுதான். வாத்தின் சிறகில் தண்ணீர் ஒட்டாது. நீர்க்காகத்தின் சிறகு நன்றாக நனையும். நனைவதால் மிதப்பு குறைந்து ஆழத்துக்குச் சுலபமாகப் போகிறது, போய்வந்த பிறகு காயப்போட வேண்டியிருக்கிறது. லென்ஸும் புத்தகமும் இல்லாமல், பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு ஒருவர் இத்தனையும் பார்த்து வைத்திருக்கிறாரே என்று மாஸ்டருக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

“அவன்கிட்ட பாஸ் கேட்டீங்களா?” என்றார்.

“அவனுக்கு எதுக்குங்க பாஸ்?”

அந்தக் கேள்வியை மாஸ்டர் சும்மா கேட்கவில்லை. மலைநாட்டில் இன்று ஏரி என்று சொல்லப்படுகிற பெரிய தண்ணீர் எல்லாமே கட்டப்பட்டதுதான். கிரகரி வாவி இருக்கிற இடம் முன்பு சதுப்பு நிலம். வில்லியம் கிரகரி தேசாதிபதியாக இருந்தபோது, 1873இல், பிதுருதலாகல பக்கமிருந்து இறங்கிவரும் ஓடையை மறித்து வாவியாக்கினார்கள். 1881இல் அதில் டிரவுட் மீன் விட்டார்கள், துரைமார் தூண்டில் போடுவதற்காக. கெஹெல்கமு ஓயாவை மறித்துக் காசல்ரீ 1965இல் வந்தது. மஸ்கெலியா ஓயாவை மறித்து மவுசாகலை 1969இல் வந்தது. இந்தத் தண்ணீர் வருவதற்கு முன்பே கொக்கும் கொரவக்கா என்கிற நீர்க்கோழியும் ஓடையோரத்தில் பிழைத்திருக்கும். மூழ்கி மீன் பிடிக்கிற நீர்க்காகத்துக்கு அகலமும் ஆழமும் உள்ள தண்ணீர் வேண்டும். அதை அணைதான் கொண்டுவந்தது. நீர்த்தேக்கங்களில் பெருகிக் கிடக்கிற திலாப்பியா 1952இல் ஆபிரிக்காவிலிருந்து வந்தது. கரையில் நிற்கிற டர்பன்டைன் மரம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. பின்னால் தெரிகிற தேயிலையும் வந்ததுதான். ஆக மாஸ்டரின் நீர்க்காகப் படத்தில், பின்னால் நிற்கிற மலையைத் தவிர மற்றதெல்லாம் வந்து குடியேறியது.

இதில் ஒரே ஒரு சாராரிடம்தான் காகிதம் கேட்டார்கள். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 அக்டோபர் 30ஆம் தேதி கையெழுத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது; மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வதாக வைத்தது. அணை கட்டி முடிந்து காசல்ரீயில் தண்ணீர் ஏறிய காலமும் அதுதான். மேட்டு லயங்களில் இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தார்கள். கீழே தண்ணீரில் நீர்க்காகம் வந்து இறங்கியது. அதை யாரும் எந்த ஊர் என்று கேட்கவில்லை. இந்தியா போகிறவர்களை ஏற்றிக்கொண்டு ஹட்டன் ஸ்டேஷனிலிருந்து ‘ஒப்பாரிக் கோச்சி’ புறப்பட்டபோது மாஸ்டரின் பெரியப்பா குடும்பமும் அதில் போனது. இந்த இடம் வரும்போது மட்டும் அவர் வேடிக்கை பேசமாட்டார். லென்ஸைத் துடைக்கத் தொடங்கிவிடுவார்.

மாசி, பங்குனியில் வறட்சி கடுமையானால் மவுசாகலையில் தண்ணீர் இறங்கும். மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரம் வெளியே வரும். கோயில், விகாரை, பள்ளிவாசல் எல்லாவற்றின் எச்சமும் சேற்றில் தெரியும். சனம் வேன் பிடித்துப் பார்க்கப் போகும். மாஸ்டரும் போவார், கொக்குக்காக. வற்றிய குட்டைகளில் மீன் அடைபட்டுக் கிடப்பதால் கொக்குகளுக்கு அங்கே கலியாண விருந்து. ஒருமுறை இடிந்த கோயில் சுவரின்மேல் ஒரு வெள்ளைக் கொக்கு, பின்னால் சிவனொளிபாதமலை, மேகம் இல்லை, வெளிச்சம் சரி. அவர் கமராவைத் தூக்கிய நேரம் பார்த்து ஒரு குடும்பம் குறுக்கே வந்தது. “தம்பி, எங்களையும் ஒண்ணு எடுங்க. எங்க தாத்தாவோட கடை இந்த இடத்துலதான் இருந்திச்சு.” எந்த இடம் என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. இதோ இந்தக் கல் என்கிறார் ஒருவர், இல்லை அந்தப் படி என்கிறார் இன்னொருவர். முடிவில் இரண்டு இடத்திலும் நின்றார்கள். மாஸ்டர் எடுத்தார். கொக்கு இதற்குள் மேட்டுப்பக்கம் போய்விட்டது. அந்தக் குடும்பத்தின் படம்தான் அன்றைக்குத் தெளிவாக விழுந்தது. ‘தம்பி’ என்று கூப்பிட்டதற்காகப் பிரதி எடுத்து அனுப்பியும் வைத்தார்.

கிரகரி வாவிக்கு ஏப்ரல் சீசனில் போகக் கூடாது என்பது அவர் விதி. மற்ற மாதங்களிலும் அங்கே மிகப் பெரிய நீர்ப்பறவை மிதிபடகு அன்னம்தான். வெள்ளைப் பைபர்கிளாஸ், சிவப்பு மூக்கு, வயிற்றுக்குள் ஒரு புதுஜோடி. இலங்கைக் காடுகளில் அன்னப்பறவை கிடையாது; இது மட்டும்தான். புலவர்கள் சொன்ன அன்னம் பாலையும் நீரையும் பிரித்தது. இது பர்ஸையும் காசையும் பிரிக்கிறது. குதிரைக்காரர்களையும் மோட்டார் படகையும் தாண்டி, புல் மண்டிய ஒதுக்குப்புறத்துக்குப் போனால்தான் முக்குளிப்பான் கிடைக்கும். கைப்பிடி அளவு பறவை, வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பஞ்சு உருண்டை. தண்ணீர்ப் புல்லை இழுத்து மிதக்கும் கூடு கட்டுகிறது. கூட்டை விட்டு இறங்கும்போது முட்டைமேல் புல்லைப் போட்டு மூடிவிட்டுப் போகும். குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். இதெல்லாம் பார்க்கக் கிடைப்பது, படத்தில் கிடைப்பதில்லை. கமராவைத் திருப்பியதும் முழுகிவிடும். மாஸ்டரிடம் முக்குளிப்பான் என்று பெயரிட்ட கோப்பு ஒன்று இருக்கிறது. திறந்தால் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலைகள், விதவிதமான வெளிச்சத்தில். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

உண்ணிக்கொக்குக்காகக் கந்தப்பளைப் பக்கம் போகலாம். லீக்ஸ் பாத்தியில் மம்பட்டி விழுகிற இடத்திலெல்லாம் அது ஒரு முழம் பின்னால் நிற்கும். மண் புரள வேண்டும், புழு வர வேண்டும். புரட்டுவது எருமையா உழவு மெஷினா மனிதனா என்பதில் அதற்குப் பேதம் இல்லை. இதன் ஆபிரிக்கச் சொந்தக்காரர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் யாரும் கூப்பிடாமலே அட்லாண்டிக் கடலைத் தாண்டித் தென்னமெரிக்கா போய்ச் சேர்ந்து, 1953இல் ஐக்கிய அமெரிக்காவின் புளோரிடாவில் கூடும் கட்டிவிட்டார்கள். விசா வரிசையில் நிற்கிற நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமலிருப்பது நல்லது.

வைகாசியில் தென்மேல் மழை பிடித்தால் புரட்டாதிவரை ஹட்டன் பக்கத்தில் கமராவுக்கு வேலை இல்லை. பிஸ்கட் டின் மூடியே கிடக்கும். அந்த மாதங்களில் மாஸ்டருக்குத் துணை கொரவக்கா. தமிழ் நூல்களில் கம்புள்கோழி என்று இருக்கும். தோட்டத்தில் அப்படிச் சொன்னால் யாருக்கும் விளங்காது. வெள்ளை முகம், வெள்ளை நெஞ்சு, கறுத்த முதுகு, வாலுக்கடியில் செங்கல் நிறம். லயத்துக் கானுக்குள் வாலை ஆட்டி ஆட்டிக்கொண்டு ஓவசியர் மேற்பார்வை பார்ப்பதுபோல் நடந்துவரும். பகலெல்லாம் சாது. மழை இரவில் ஜோடி சேர்ந்து தொடங்கினால் உறுமல், கொக்கரிப்பு, செருமல் என்று எல்லாம் கலந்து ஒரு கச்சேரி. ஒரு மூச்சில் கால் மணி நேரம்கூடப் போகும். லயத்தில் யாராவது “இந்தச் சனியனை ஒருத்தராவது வெரட்டுங்களேன்” என்று கத்துவார்கள். மாஸ்டர் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, லைட்டைப் போட்டு, செக்ரோலை எடுப்பார். இரவு வேலை. ஓவர்டைம் தனியாகக் குறிக்க வேண்டும்.

கமரா வைத்திருக்கிறவர் என்றால் தோட்டத்தில் வேறு கடமைகளும் வந்து சேரும். பூப்புனித நீராட்டு, தேர்த் திருவிழா, வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு அனுப்பப் பெண்ணின் படம். போன மாதம் மேட்டு லயத்து அப்பாயி ஒருத்தி ஐடென்டிகாட் புதுசாக எடுக்கவேண்டுமென்று, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்து நின்றாள். அடையாள அட்டைக்குப் பதிவு செய்த ஸ்டூடியோவில்தான் எடுக்க வேண்டும், ஹட்டனுக்குப் போக வேண்டும் என்று மாஸ்டர் விளக்கினார்.

“அந்தக் கொக்கு எந்த ஸ்டூடியோவுல பதிஞ்சிருக்கு? அத மட்டும் எடுக்கிறீங்களே.”

மாஸ்டருக்குப் பதில் இல்லை.

“சரி, வந்ததுக்குச் சும்மா ஒண்ணு எடுங்க. செத்தா மாலை போட்டு மாட்டுறதுக்காவது ஆகும்.”

கமராவில் மாட்டியிருந்தது பறவை லென்ஸ். கிட்டத்தில் நிற்கிறவர்களின் மூக்கு மட்டும்தான் அதற்குள் அடங்கும். மாஸ்டர் பின்னால் போனார். வாசலைத் தாண்டினார். கானைத் தாண்டினார். கோயில் மதில்வரை போய், முதுகை மதிலில் சாய்த்துக்கொண்டு, கமராவைத் தூக்கினார். எதிர்முனையில் அப்பாயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு சத்தம் போட்டாள்.

“ஏன் மாஸ்டர் அங்க போய் நிக்கிறீங்க? கிட்ட வாங்க. நான் என்ன பறந்தா போயிடப் போறேன்?”